கஸ்தூரிப் பையும் முயலின் கண்ணும்

மாதம் ஒரு முறை ஒப்பனைப் பேழை ஒன்று வீடு தேடி வரும் வழக்கம் இன்று அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் போன்ற நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களையும் எட்டிவிட்டது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பர்ச்பாக்ஸ் என்னும் நிறுவனம் பரவச் செய்த வாணிப முறை இது. சந்தா செலுத்தினால் முகப்பூச்சு, உதட்டுக் களிம்பு, ஷாம்பு, நறுமணத் தைலம் என ஐந்தாறு சிறு குப்பிகள் வந்து சேரும். அவற்றுட் சிலவற்றின் மேல் தாவும் முயலின் உருவம் இருக்கும். உயிர்களைத் துன்புறுத்திச் சோதிக்காதது என்பது அதன் பொருள். வேறு சிலவற்றில் வீகன் என்னும் சொல் இருக்கும். உயிரினத்திலிருந்து எடுத்த எப்பொருளும் கலவாதது என்பது அதன் பொருள். இவ்விரண்டு அடையாளங்களும் இருந்தால் ஹலால் முத்திரை வேண்டியதில்லையே என்று நம் பெண்மக்கள் கேட்கின்றனர். இவையெல்லாம் மேனாட்டார் புதிதாய்க் கண்ட மென்மனம், நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் பெரியவர்களும் உளர். இரு சாராருக்கும் விடை நம் வரலாற்றிலேயே கிடைக்கிறது. ஆனால் அவ்வரலாறு நமக்கு முழுக்க முழுக்கப் பெருமை தருவதன்று என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நறுமணக் கலையை நூலாக்கி வளர்த்தோரில் முஸ்லிம் அறிஞர்கள் முன்னணியில் நிற்கின்றனர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ ஞானி அல்கிந்தீயின் பெயரால் வழங்கும் அத்தர் இரசாயன நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. கி.பி. 1013ஐ ஒட்டி மறைந்த அந்தலூசிய மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ, தமது முப்பது பாகக் கலைக்களஞ்சியமான அத்தஸ்ரீஃபில் பத்தொன்பதாம் பாகத்தை நறுமணப் பொருள்களுக்கும் ஒப்பனைக்குமே ஒதுக்கினார். இந்த ஏடுகளில் ரோஜாவும் சந்தனமும் அகிலும் கற்பூரமும் மணக்கின்றன. ஆனால் அரியணையில் அமர்ந்திருப்பவை வேறு மூன்று: கஸ்தூரி, அம்பர், புனுகு. மூன்றும் உயிரினத்திலிருந்து வருபவை.

கஸ்தூரிக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு. நறுமணங்களில் மேலானது கஸ்தூரியே எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றதாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சுவனத்துப் பானத்தின் முத்திரை கஸ்தூரி எனத் திருமறை வருணிக்கிறது. உயிருள்ள பிராணியிலிருந்து பிரிந்த உறுப்பு செத்ததற்கு ஒப்பாகும் என்பது பொது விதி. அவ்விதியிலிருந்து கஸ்தூரிப் பைக்கு நம் ஃபுகஹாக்கள் விலக்கு அளித்தனர். இப்பொருளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, கி.பி. பத்தாம் நூற்றாண்டுப் பயணியான மஸ்ஊதீ தமது முரூஜுத் தஹப் நூலில் தருவது. திபெத்து நாட்டுக் கஸ்தூரியே உயர்ந்தது. அதிலும் சிறந்தது மானைக் கொன்று அறுத்தெடுத்ததன்று. பை முற்றிய மான் வெயிலில் காய்ந்த பாறைகளில் தானே உராய்ந்து உதிர்த்துவிட்டுச் செல்வதையே மலைவாசிகள் திரட்டி மன்னர்களுக்குக் கொண்டுவந்தனர் என்கிறார் அவர். விலங்கியலார் இதை எவ்வளவு ஏற்பர் என்பது ஒருபுறமிருக்கட்டும். கொல்லாமற் பெற்றதே மேலானது என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் ஆசிரியரின் ஏட்டில் இருந்தது என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

நடைமுறையோ வேறாக இருந்தது. ஆண் மானின் ஒரு பையில் ஏறத்தாழ 25 கிராம் கஸ்தூரியே கிடைக்கும். ஒரு கிலோவுக்கு நாற்பது கலைமான்கள் வேண்டும். கண்ணி ஆண், பெண், குட்டி என வேறுபாடு பார்ப்பதில்லையாதலால் மடிந்தவை அதனினும் பன்மடங்கு. இமயத்துக் கஸ்தூரி மான் அருகிப் போய், இன்று 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது.

புனுகின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அரபியில் ஸபாத் எனப்படுவது இது. சவ்வாது என்னும் தமிழ்ச் சொல்லை இதனோடு உறவுபடுத்துவோர் உண்டு. நம் ஜவ்வாதுப் புலவரின் பெயரே மணக்கும் பெயரல்லவா! ஸபாத் தூய்மையானதா என்னும் மஸ்அலாவை இமாம் நவவீ (ரஹ்) தமது மஜ்மூவில் ஆராய்கிறார். அது கடற்பூனையின் பால் எனச் சில முன்னோர் எழுதியிருந்தனர். நம்பத்தக்க அனுபவசாலிகளைக் கேட்டறிந்த இமாமவர்கள், அது தரைவாழ் பூனையிலிருந்து வருவதே எனத் தெளிந்து, தூயதே என முடிவு கூறி, அதில் உதிர்ந்து கலக்கும் உரோமத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை செய்கிறார். என்ன நுணுக்கம்! தாம் அறியாத பொருளைப் பற்றித் துறை அறிந்தவரிடம் கேட்டுத் தீர்ப்பளிக்கும் அந்தப் பண்பு இன்றைய ஃபத்வாக்களுக்கும் வேண்டும்.

ஆனால் தூய்மை பற்றிய அந்தக் கேள்வியோடு பிற்காலத்தார் நின்றுவிட்டனர். அந்தப் பூனை எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று யார் கேட்டார்? எத்தியோப்பியாவில் புனுகுப் பூனைகளை உடல் திரும்பவும் இயலாத ஒடுங்கிய கூண்டுகளில் அடைத்து, சில நாட்களுக்கு ஒரு முறை வாலடிச் சுரப்பியைச் சுரண்டி எடுத்தனர். அத்தொழிலில் இருந்தோரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே இரைதேடவும் விடாமல் வருத்திய பெண் நரகம் புகுந்தாள் என்னும் நபிமொழியை மக்தபுச் சிறுவரும் அறிவர். அதே பெயர் கொண்ட பிராணியின் கூண்டருகே அந்த நபிமொழி நினைவுக்கு வரவில்லை.

அம்பர் விஷயம் சற்று இலகுவானது. கடல் வெளியே எறியும் பொருள் அது எனக் கூறி, அதற்கு ஜகாத் வரி இல்லை என்றார் இப்னு அப்பாஸ் (ரலி). கரையில் ஒதுங்குவதைப் பொறுக்குவதில் கொடுமை ஏதுமில்லை. எனினும் எண்ணெய்த் திமிங்கிலம் காக்கப்பட்ட உயிரினமாதலால் இந்தியாவில் அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நம் கடற்கரை மக்கள் இதை மறந்துவிடலாகாது.

மாற்றுப் பொருளைத் தேடும் முயற்சியும் பழையதே. அல்கிந்தீயின் நூலிலேயே கஸ்தூரி போன்று மணக்கும் கலவைகளுக்கான செய்முறைகள் உள்ளன. 1888இல் ஆல்பர்ட் பவுர் என்னும் ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சியின் இடையே செயற்கைக் கஸ்தூரி மணத்தைக் கண்டார். 1926இல் ருசிக்கா என்னும் அறிஞர் மெய்க் கஸ்தூரியின் மூலப்பொருளின் அமைப்பை வெளியிட்டார். நம் தெருக்களில் இன்று கஸ்தூரி அத்தர் என மலிவாய் விற்பது அனைத்தும் இவ்வகையே, மான் பிழைத்தது.

இனி முயலின் கண்ணுக்கு வருவோம். 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்னும் இமைச் சாயம் பல பெண்களின் கண்களைக் கெடுத்தது. அதையொட்டி எழுந்த கூக்குரலால் 1938இல் ஒப்பனைப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. 1944இல் டிரெய்ஸ் என்பவர் முயலின் கண்ணில் பொருளை இட்டு, புண்ணாவதை நாட்கணக்கில் அளவிடும் சோதனையை வகுத்தார். முயல் அசையாதவாறு கழுத்தை மட்டும் வெளியே விட்டுப் பெட்டியில் பூட்டுவர். இதை வாசிக்கும் மத்ரஸா மாணவன் எவனுக்கும் இப்னு உமர் (ரலி) கண்ட காட்சி நினைவுக்கு வரும்: இளைஞர் சிலர் ஒரு கோழியைக் கட்டிவைத்து அதைக் குறியாக்கி அம்பெய்தனர்; அவரைக் கண்டதும் சிதறியோடினர்; உயிருள்ளதைக் குறியாக்குவோரை நபிகளார் சபித்துள்ளார்கள் என அவர் எடுத்துரைத்தார். கட்டிவைத்துக் கொல்வதற்கு ஹதீஸில் ஸப்ர் என்னும் தனிச் சொல்லே உண்டு.

மனித உயிரைக் காக்கும் மருந்துக்காக இத்தகைய சோதனை தேவைப்படாதா என்பர். அது வேறு வாதம். இன்றியமையாதது, தேவையானது, அழகூட்டுவது என மனித நலன்களை மூன்று படியாக வகுத்தனர் நம் உஸூல் அறிஞர்கள். இமாம் ஷாத்திபீ (ரஹ்) அதை விரித்துரைத்தார். கன்னச் சாயம் மூன்றாம் படியில் உள்ளது. முதற்படிக்குரிய சலுகையை அதற்குக் கொடுக்க எந்த விதியும் இடந்தராது.

1980இல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயார்க் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் செய்து பெருநிறுவனம் ஒன்றைப் பொது மக்கள் முன் நிறுத்தினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2013இல் முழுமை பெற்றது. 2014இல் இந்தியா ஒப்பனைப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதைத் தடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் அப்படிச் சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் தடுத்தது. ஆக, நம் நாட்டில் செய்த சவுக்காரத்தின் மேல் முயல் படம் இல்லையென்று கவலைப்பட வேண்டியதில்லை.

இதில் ஒரு கசப்பான செய்தி உண்டு. லாஷ் லூரில் இருந்த சாயப்பொருள், பெருநாள் தினங்களில் கறுப்பு மருதாணி எனக் கூம்புகளில் விற்கப்படுவனவற்றில் கலக்கும் அதே வகைப் பொருள்தான். தோல் கொப்பளிக்கும், சிலருக்கு ஆயுள்வரை ஒவ்வாமை நிற்கும். மருதாணி இலை சிவக்குமேயன்றிக் கறுக்காது. கொல்லையில் இலை பறித்து அம்மியில் அரைக்கச் சோம்புவோர் இதையேனும் எண்ணிப் பார்க்கட்டும்.

வீகன் என்னும் சொல்லும் அந்த 1944ஆம் ஆண்டின் குழந்தையே; இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் அதை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். எண்ணத்தளவில் அரபுலகுக்கு இது புதிதன்று. கி.பி. 1057இல் மறைந்த கவிஞர் மஅர்ரீ இறைச்சி, பால், தேன் அனைத்தையும் துறந்தார். அது குறித்து ஃபாத்திமிய அறிஞர் ஒருவருடன் அவர் நடத்திய கடிதப் போர் புகழ்பெற்றது. நாம் அவ்வழி செல்ல இயலாது. ஆகுமாக்கப்பட்டதைத் தன்மேல் தடுத்துக்கொள்வதைத் திருமறை கண்டிக்கிறது. தேனில் நிவாரணம் உண்டெனக் கூறும் மறையை ஓதும் நாம், தேன்மெழுகு கலந்த உதட்டுக் களிம்பைத் தள்ளுவானேன்? மறுபுறம், வீகன் குப்பியில் மது வகை இருக்கலாம். அந்த முத்திரை அதைத் தடுப்பதில்லை. எனவே அவ்வடையாளம் ஹலாலுக்கு ஈடாகாது. பன்றிக் கொழுப்பும் செத்ததன் கொழுப்பும் இல்லை என்னும் அளவிற்கு அது நமக்கு உதவும், அவ்வளவே.

கொழுப்பு விஷயத்தில் மத்ஹபு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மக்கா வெற்றியின் ஆண்டில் நபிகளார் செத்ததன் விற்பனையைத் தடுத்தபோது, அதன் கொழுப்பைப் படகுகளுக்குப் பூசுகிறோமே எனத் தோழர்கள் வினவினர். அதையும் தடுத்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அசுத்தமான எண்ணெய் சவுக்காரமாக மாறிவிட்டால் தூய்மையாகும் என்பது ஹனஃபீ நூலான துர்ருல் முக்தாரில் உள்ள ஃபத்வா. ஷாஃபிஈ மத்ஹபு அதை ஏற்பதில்லை. கடற்கரையில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபீகளும் கலந்து வாழும் நம் மாவட்டத்தில் ஒரே சவுக்காரக் கட்டிக்கு இரு வீட்டில் இரு விடை! உதட்டுச் சாயத்தின் கார்மைன் சிவப்பும் இப்படியே. கிர்மிஸ் என்னும் அரபுச் சொல்லின் வழித்தோன்றலான அப்பெயர் பூச்சியை அரைத்தெடுக்கும் சாயத்தைக் குறிக்கும். 2011இல் இந்தோனேசிய உலமா பேரவை அவ்வகைச் சாயத்தை ஆகுமென்றது. ஆகாதெனும் ஷாஃபிஈ அறிஞரும் அங்கே உளர்.

கொழுப்பின் ஐயமே எழாத சவுக்காரத்தை முஸ்லிம் நகரங்கள் நெடுங்காலம் செய்துவந்தன. சிரியாவின் ஸர்மீன் ஊரில் செய்த சவுக்காரம் கெய்ரோவுக்கும் திமிஷ்குக்கும் ஏற்றுமதியானதை இப்னு பதூதா குறித்துள்ளார். பலஸ்தீனத்து நாபுலுஸில் ஆலிவ் எண்ணெயும் காரமும் நீரும் மட்டுமே சேர்த்துக் காய்ச்சி, தரையில் பரப்பி, கட்டிகளாய் வெட்டி, கோபுரம் போல் அடுக்கி உலர்த்துகின்றனர். 2024 டிசம்பரில் நாபுலுஸ் சவுக்காரக் கலையும் ஹலபின் லாரல் எண்ணெய் சேர்ந்த சவுக்காரக் கலையும் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்ந்தன.

நம் மாவட்டத்து முட்காடுகளில் உசிலை மரம் ஏராளம். அதன் இலைப் பொடியாகிய அரப்பும், சீயக்காயும், பூந்திக்கொட்டையும் நம் பாட்டிமார் தலைக்குப் போதுமானவையாய் இருந்தன. கீரமங்கலத்துப் பூச்சந்தையில் விடியலில் குவியும் மல்லிகையும் முல்லையும் எந்த முத்திரையும் கேட்பதில்லை. அரப்பைக் காகிதப் பையிலிட்டு அழகிய பெயர் சூட்டி, மாதப் பேழையில் வைத்து அனுப்பினால் நம் பெண்மக்கள் வாங்குவர். அதைச் செய்ய அறந்தாங்கியில் ஒரு வணிகர் முன்வந்தால் நானே முதற் சந்தாவைக் கட்டுவேன்.