பாவித்த லொறியும் மறைத்த குறையும்: அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம்



பாவித்த வாகனம் வாங்குவது நம்மில் பலருக்கு வீடு கட்டுவதற்கு அடுத்த பெரிய செலவு. நகையை அடகு வைத்து, லீசிங் போட்டு வாங்குகிறோம். ஆனால் போனெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்குத்தான் தெரியும். இந்தப் பிரச்சினை எங்களோடு தொடங்கியதல்ல. கார் உலகின் தாய்வீடான அமெரிக்காவே இதோடு நூறு வருடமாகப் போராடுகிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1908இல் ஃபோர்ட் கம்பனி மொடல் டி காரை வெளியிட்டது. அப்போது விலை 850 டொலர். விவசாயிகள் அதை வாங்கிப் பின்பக்கத்தை வெட்டிவிட்டு, பலகைப் பெட்டி பொருத்தி, சாமான் ஏற்றினார்கள். மக்கள் தாங்களாகவே செய்வதைக் கண்ட ஃபோர்ட், 1917இல் ஒரு டொன் லொறிக்கான சேஸியை விற்றது. 1925இல் தொழிற்சாலையிலேயே பெட்டி பொருத்திய பிக்கப்பை 281 டொலருக்குக் கொடுத்தது. நாம் இன்று ‘கெப்’ என்று சொல்லும் வாகனத்தின் மூத்த வாப்பா அதுதான்.

1927இல் மொடல் டி உற்பத்தி நின்றபோது 15 மில்லியன் வாகனங்கள் செய்யப்பட்டிருந்தன. புதியது வாங்குபவர் பழையதைக் கொடுத்துவிட்டு மிச்சக் காசைக் கட்டும் வழக்கமும் பரவியிருந்தது. ஏஜென்ட்மாரின் முற்றங்களில் பழைய வாகனங்கள் குவிந்தன. அவற்றை எப்படியாவது தள்ளிவிட வேண்டும். ஏமாற்றுக்கு வாசல் அங்கே திறந்தது.

1930களில் பொருளாதார வீழ்ச்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து ஒக்லஹோமா பகுதி விவசாயிகளை ஊரை விட்டுத் துரத்தின. கலிபோர்னியாவுக்குப் போக ஒரு லொறி வேண்டும், கையில் இருந்ததோ சொற்பக் காசு. ஜோன் ஸ்டெய்ன்பெக் 1939இல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஒஃப் ராத்’ நாவலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தேய்ந்த கியரின் சத்தம் வெளியே வராமல் இருக்க மரத்தூளைப் போட்டு விற்கும் வியாபாரிகளை அவர் அதில் காட்டுகிறார். ஏமாந்தவர்கள் பணக்காரர்களல்ல. நிலமிழந்து, குடும்பத்தோடு வீதிக்கு வந்த ஏழைகள்.

1970இல் ஜோர்ஜ் அகர்லொஃப் என்ற பொருளியலாளர் இதைக் கணக்காக விளக்கினார். நல்ல வாகனம் எது, கெட்டது எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல வாகனத்தை யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆகவே சந்தையில் கெட்டதுதான் மிஞ்சும். ஒருவர் மறைக்கும் குறை, நேர்மையான வியாபாரியின் வயிற்றிலும் அடிக்கிறது. 2001இல் அகர்லொஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சட்டமும் மெல்ல வந்தது. 1972இல், ஓடிய மைலைக் காட்டும் மீட்டரைத் திருப்புவது நாடு முழுவதற்குமான சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1981இல் மத்திய வர்த்தக ஆணைக்குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பாவித்த வாகனம் விற்கும் வியாபாரி தனக்குத் தெரிந்த பெரிய குறைகளை எழுதிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று விதி செய்தது. கவனியுங்கள், தெரியாததைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டது.

வியாபாரிகள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1982இல் காங்கிரஸின் இரு சபைகளும் அந்த விதியைத் தள்ளுபடி செய்தன. அப்படித் தள்ளுபடி செய்ய காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்று அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 1984இல் ஆணைக்குழு இறுதி விதியை வெளியிட்டபோது, தெரிந்த குறையைச் சொல்லும் கட்டாயம் அதில் இருக்கவில்லை. வாகனத்துக்கு உத்தரவாதம் உண்டா, இல்லையா என்று சொல்லும் தாள் மட்டும் மிஞ்சியது.

குறை தெரியவராமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபோர்ட் எக்ஸ்புளோரர் சாட்சி. 1990இல் வந்த அந்த ஜீப், அமெரிக்கக் குடும்பங்களின் செல்ல வாகனமானது. அதில் பூட்டப்பட்ட சில ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை ஓட்டத்திலேயே பிரிந்து, வாகனங்கள் உருண்டன. 2000 ஓகஸ்டில் 6.5 மில்லியன் டயர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. அந்த டயர்களோடு தொடர்புபட்டதாக முறையிடப்பட்ட மரணங்கள் 270ஐத் தாண்டின. ஃபோர்ட் டயரைக் குற்றம் சொன்னது, ஃபயர்ஸ்டோன் வாகனத்தைக் குற்றம் சொன்னது. இப்படியான குறையோடு கைமாறிய வாகனம் எத்தனையாவது சொந்தக்காரரிடம் இருக்கிறது என்று தேடிப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று அங்கே 17 எழுத்து இலக்கம் கொண்ட சேஸி நம்பரை இணையத்தில் போட்டால், திருத்தப்படாத குறை இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். ஆனாலும் அப்படியான குறையோடு பாவித்த வாகனத்தை விற்பதை மத்திய சட்டம் இன்னும் முழுமையாகத் தடுக்கவில்லை.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் பிக்ஹ் சட்டம் வாங்கியவருக்குக் கொடுத்திருக்கிறது. 1981இல் அமெரிக்க ஆணைக்குழு கேட்டுத் தோற்றதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

எங்கள் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பான் வாகனங்கள். ஆனால் ஈரத் தானியத்தை அடியில் வைக்கும் பழக்கத்துக்கு நாடு கிடையாது. வாங்கும் சகோதரர்களே, காசு கொடுக்கு முன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள், சேஸி நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், டயரின் வயதையும் கேளுங்கள். விற்கும் சகோதரர்களே, எந்தச் சட்டமும் உங்களைக் கேட்காவிட்டாலும், அடிபட்ட வாகனம் என்றால் அடிபட்டது என்று சொல்லுங்கள். விலை கொஞ்சம் குறையலாம், பரகத் குறையாது. அந்த வாகனத்தில் நாளைக்கு ஏறப்போவது இன்னொருவரின் பிள்ளைகள்.