மெகின்டாஷின் மறைவான பதிவேடு

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெகின்டாஷ் கணினியில், ஒரு கோப்பின் படவுருவை இருமுறை சொடுக்கினால் அதை உருவாக்கிய செயலியே திறந்துகொண்டது. அக்காலத்துச் சிறுகணினிகள் பெரும்பாலானவற்றில் செயலியின் பெயரையும் கோப்பின் பெயரையும் பயனரே நினைவில் வைத்துத் தட்டச்சிட வேண்டியிருந்தது. மெகின்டாஷ் அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு கோப்புடனும் நான்கெழுத்துக் குறியீடுகள் இரண்டைச் சேமித்தது. ஒன்று கோப்பின் வகையையும், மற்றொன்று அதை ஆக்கிய செயலியையும் சுட்டின.

ஆனால் எந்த வகைக்கு எந்தப் படவுரு என்னும் விவரம் செயலிகளுக்குள்ளேயே பொதிந்திருந்தது. 128 கிலோபைட் நினைவகமும் 400 கிலோபைட் பிளாப்பியும் கொண்ட கணினி, சாளரம் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு செயலியையும் துழாவிக்கொண்டிருக்க இயலாது. எனவே, ப்ரூஸ் ஹார்னும் ஸ்டீவ் கேப்ஸும் எழுதிய ஃபைண்டர், அதாவது கோப்புகளைத் திரையில் காட்டி நிர்வகிக்கும் நிரல், வட்டில் ஒரு செயலி சேர்ந்ததும் அவ்விவரங்களைப் படியெடுத்து, அதே வட்டில் கண்ணுக்குப் புலப்படாத 'டெஸ்க்டாப்' கோப்பில் பதிந்துகொண்டது.

இக்கோப்பு 'ரிசோர்ஸ்' முறையில், அதாவது படவுரு, நிரல்துண்டு முதலியவற்றை வகையும் எண்ணும் இட்டு அடுக்கும் முறையில் அமைந்திருந்தது. வன்தட்டுகள் பெருகிப் பதிவுகள் ஆயிரக்கணக்கானபோது அம்முறை தளர்ந்தது. நிரல்துண்டுகளுக்கும் அதில் இடம் இருந்ததால், 1989இல் கண்டறியப்பட்ட 'டபிள்யூடெஃப்' நச்சுநிரல் அதற்குள் ஒளிந்துகொண்டு, பிளாப்பியைச் செருகிய அளவிலேயே பரவியது. 1991 மே மாதம் வெளிவந்த சிஸ்டம் 7, அதற்கு முன்பே ஆப்பிள்ஷேர் கோப்புச் சேவையகங்களில் கையாளப்பட்ட தரவுத்தளத்தை 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளுக்கு விரிவாக்கியது. அதில் 'டெஸ்க்டாப் டிபி' கிளைபிரிந்து விரைவாகத் தேட உதவும் சுட்டியாகவும், 'டெஸ்க்டாப் டிஎஃப்' படவுரு முதலிய தரவுகளின் கிடங்காகவும் பணியாற்றின.

தரவுத்தளம் பழுதுபட்டால், கணினி தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன் விசைகளை அழுத்திப் பிடித்து அதை மீளக்கட்ட முடிந்தது. செயலிகளிலிருந்து படியெடுத்தவையெல்லாம் அவ்வாறு மீண்டும் கிடைத்தன. பயனர் தம் கையால் எழுதிச் சேர்த்த குறிப்புரைகளோ, முந்தைய பதிப்புகளில் அடியோடு அழிந்தன. மூலத்திலிருந்து மீண்டும் திரட்டத்தக்க தரவையும் வேறெங்கும் பிரதி இல்லாத மனித எழுத்தையும் ஒரே கிடங்கில் வைத்ததே அவ்விழப்புக்குக் காரணமாகும்.

2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸில் செயலிகளின் விவரங்களைத் திரட்டும் பொறுப்பு 'லாஞ்ச் சர்வீசஸ்' என்னும் அமைப்புக்கும், குறிப்புரைகள் ஒவ்வொரு கோப்புறையிலும் மறைந்திருக்கும் தனிக் கோப்புக்கும் பிரித்தளிக்கப்பட்டன. பழைய தரவுத்தளம் வழக்கொழிந்தாலும், எந்தக் கோப்பு எந்தச் செயலிக்கு உரியது என்பதைப் பயனருக்காக நினைவில் வைக்கும் கடமை இயங்குதளத்திடமே தங்கிவிட்டது.