காற்றின் கண்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வடதிசைப் பூர்வீகம்

'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஜன்னல் என்று பொருள் போட்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் தொடக்க வகுப்பிலேயே படித்துவிடும் சொல் இது. ஆனால் இது இங்கிலாந்தில் பிறந்த சொல் அல்ல. ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் இதன் வடிவம் 'வின்டவுகா'. 'வின்ட்' காற்று, 'அவுகா' கண். இரண்டும் சேர்ந்தால் காற்றின் கண்.

ஒரு சுவர்த் திறப்புக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது என்பதைப் பழைய நோர்வே வீட்டின் அமைப்பு சொல்லிவிடும். வீட்டு நடுவில் தரையிலேயே அடுப்பு எரியும். புகைபோக்கி கிடையாது. கூரையில் ஒரு துளை விட்டிருப்பார்கள். அதற்கு 'யோரெ' என்று பெயர். புகை அதன் வழியே வெளியேறும், வெளிச்சம் அதன் வழியே உள்ளே வரும். மழையும் பனியும் கொட்டும்போது, விலங்கின் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தால் துளையை மூடுவார்கள். கண்ணாடி சாதாரணக் குடியானவன் வீட்டுக்கு எட்டப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அதுவரை வீட்டில் எந்தத் திறப்பு இருந்தாலும் அது காற்றுக்கும் திறந்ததுதான். வடகடலின் காற்றை அறிந்தவர்கள் வைத்த பெயர் அது.

இச்சொல் கடல் கடந்த கதை வைக்கிங்குகளின் கதையோடு சேர்ந்தது. 793இல் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தைக் கொள்ளையடிக்க வந்தவர்களுக்குப் பின் வந்தோர், 866இல் யார்க் நகரைப் பிடித்து அங்கேயே தங்கினர். உழுதார்கள், பெண் எடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களானார்கள். அதனால்தான் ஆங்கிலம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்கள் பலவும் அன்றாட வாழ்வைச் சேர்ந்தவை: முட்டையைக் குறிக்கும் 'எக்', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', வீட்டுக்காரனைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்', ஏன், 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' கூட. ஒரு மொழி பிரதிப்பெயரையே இன்னொரு மொழியிடம் வாங்குவது அரிது. இரு சாராரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'விண்டோ' வருவதற்கு முன் ஆங்கிலேயர் ஜன்னலைக் 'கண்துளை' என்று பொருள்படும் ஒரு கூட்டுச்சொல்லால் அழைத்தனர். அதில் துளையைக் குறித்த பகுதி இன்றும் அழியவில்லை. மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் பின்பாதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் 'விண்டோ' தலைகாட்டுகிறது. பிரெஞ்சு வழியாக வந்த 'ஃபெனஸ்டர்' சில காலம் அதோடு போட்டியிட்டுத் தோற்றது. ஜெர்மானியர் இலத்தீன் வழிவந்த 'ஃபென்ஸ்டர்' என்ற சொல்லையே இன்றும் வைத்திருக்க, ஆங்கிலேயர் வடவரின் சொல்லோடு நின்றுவிட்டனர். 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் ஜன்னல்களை எண்ணி வீட்டு வரி போட்டபோது வரிக் கணக்கில் எழுதப்பட்டதும் இந்தச் சொல்தான். வரிக்கு அஞ்சிச் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களை அந்நாட்டுப் பழைய வீடுகளில் இப்போதும் பார்க்கலாம்.

தமிழ் இதே பொருளை எப்படிப் பார்த்தது என்பது இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. சிலப்பதிகாரத்தில் 'காலதர்' என்ற சொல் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகார் நகர மாளிகைகளின் காலதர்களை இளங்கோவடிகள் மானின் கண்ணுக்கு ஒப்பிடுகிறார். காற்றும் கண்ணும் அங்கே ஒரே தொடரில் வந்து நிற்கின்றன. 'பலகணி' என்ற சொல்லிலும் கண் இருக்கிறது. பல கண்களை உடையது அது. வடமொழியின் 'கவாட்சம்' மாட்டின் கண். ஒருவரையொருவர் அறியாத மக்கள், உலகின் இரு கோடிகளில், சுவரில் விட்ட ஓட்டையைப் பார்த்து ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கிறார்கள். புகாரில் காற்று விரும்பி வரவேற்கப்பட்டது, வடதுருவக் கரையில் அது தடுக்கப்பட்டது என்பது மட்டும்தான் வேறுபாடு.

இன்று தமிழர் வாயில் புழங்குவது இவற்றில் எதுவும் அல்ல. ஜன்னல் என்பது போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'. இலத்தீனில் கதவைக் குறித்த சொல்லின் வழிவந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கீசியர் கைப்பற்றினர். அங்கே அச்சொல் 'யன்னல்' ஆயிற்று. சிங்களத்திலும் மலையாளத்திலும் அதே சொல்லின் வடிவங்கள் உண்டு. 1658இல் டச்சுக்காரர் வந்து, அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' என்ற சொல்லை விட்டுச் சென்றனர்.

அந்த யாழ்ப்பாணத்தின் பிள்ளைகள்தான் வடதுருவக் கரைக்குப் போனார்கள். குருநகரைச் சேர்ந்த அந்தோணி ராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்றார். பின்னர் 'சீ-நோர்' என்ற மீன்பிடித் திட்டத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். தமிழர் கூட்டமாகச் சென்றது 1980களில். சிலர் மாணவராகவும், பலர் இலங்கையின் உள்நாட்டுப் போருக்குத் தப்பிய அகதிகளாகவும் சென்றனர். ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பேரண்ட்ஸ் கடலோரத்தில், ஏறத்தாழ 2,000 பேர் வாழும் பாட்ஸ்பியோர்ட் அவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று. அடியில் விளக்கெரியும் மேசைமேல் மீன் துண்டை விரித்து, எலும்பும் புழுவும் நீக்குவது அங்கே கிடைத்த வேலை. பிள்ளைகளின் படிப்பைக் கருதிப் பின்னாளில் பலர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தனர்.

பாட்ஸ்பியோர்ட்டில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரியில்தான் மறுபடி முகம் காட்டும். அந்த நாட்களில் ஊர் ஜன்னல்களில் காகித நட்சத்திர விளக்குகளும், வரிசையாக நிற்கும் மெழுகுவர்த்தி வடிவ விளக்குகளும் எரியும். நோர்வேயின் கிறிஸ்துமஸ் கால வழக்கம் அது. கோடையில் சூரியன் மறையாத வாரங்களில் அதே ஜன்னலைத் தடித்த திரையால் மூடினால்தான் தூக்கம் வரும். யாழ்ப்பாணத்து யன்னலில் கண்ணாடி இல்லாமலும் இருக்கலாம். இரும்புக் கம்பியும் மரக்கதவும் போதும், பகலெல்லாம் காற்று ஓடும். நோர்வேயில் இரண்டு மூன்று கண்ணாடிகளை அடுக்கி, காற்று ஒரு துளியும் நுழையாதபடி அடைத்த சட்டத்துக்கு இன்னும் காற்றின் பெயர்தான் வழங்குகிறது.

1997இலிருந்து நோர்வேயில் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் யன்னல், வகுப்பில் நோர்வேஜிய 'வின்டு', ஆங்கிலப் பாடத்தில் 'விண்டோ'. பின்னிரண்டும் உறவு என்பது காதுக்கே தெரியும், பொருள்தான் மறைந்திருக்கும். வடநோர்வேயில் வழங்கும் பூக்மோல் என்ற எழுத்துமொழி சொல்லைச் சுருக்கிவிட்டது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஈவர் ஓசென் நாட்டுப்புறப் பேச்சுகளைத் திரட்டி, இலக்கணமும் அகராதியும் எழுதி உருவாக்கிய மற்ற எழுத்துமொழி, இன்றைய நீநோர்ஸ்க், 'வின்டவுகெ' என்று முழுச் சொல்லையும் காத்துவைத்திருக்கிறது. மேல்வகுப்பில் இரண்டாம் எழுத்துமொழியாக அதைப் படிக்கும்போது காற்றும் கண்ணும் வெளிப்படையாகத் தெரியும். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சொற்பிறப்பு அகராதியைத் திறந்தால்தான் கிடைக்கும் செய்தி இது.

பொருள் தெரிந்தாலும் வழக்கைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'ஜன்னலோரம்' என்பதை ஆங்கிலம் 'ஆட்' என்ற முன்னிடைச் சொல்லால் குறிக்கும். கடை ஜன்னலில் வைத்த பொருளுக்கு 'இன்' வேண்டும். அகராதியின் ஒற்றை இணைச்சொல் இதைச் சொல்லித் தருவதில்லை. பயணச்சீட்டு வாங்கும் துவாரத்தையும் ஆங்கிலம் 'விண்டோ' என்கிறது. தமிழர் அதைக் 'கவுண்டர்' என்கிறார்கள். அந்தக் கவுண்டரும், யாழ்ப்பாணத்துக் கந்தோரும், நோர்வேயில் அலுவலகத்தைக் குறிக்கும் 'கொன்டூர்' என்ற சொல்லும் ஒரே குடும்பம். காசு எண்ணும் மேசையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளைகள். வடநோர்வேயின் உலர்மீனை வாங்கி விற்ற ஹன்சா வணிகர்கள் பெர்கன் நகரில் 14ஆம் நூற்றாண்டிலேயே அமைத்த நிலையத்துக்கும் அதுதான் பெயர். டச்சுக்காரர் காலத்துச் சொல்லைச் சொல்லி வளர்ந்த யாழ்ப்பாணத்து முதியவருக்கு நோர்வே அலுவலக வாசலில் உள்ள பலகையைப் படிப்பது கடினமாக இருக்காது.

20ஆம் நூற்றாண்டில் சொல் சுவரைவிட்டே வெளியே வந்தது. கணினித் திரையின் கட்டம் 'விண்டோ' ஆயிற்று. 1985இல் மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருளுக்கு அதையே பெயராக்கியது. பல அலுவலகங்கள் ஏறி இறங்காமல் ஒரே இடத்தில் வேலை முடியும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'சிங்கிள் விண்டோ' என்றார்கள். பொறியியல் சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் அது 'ஒற்றைச் சாளர முறை' ஆனது. ஜன்னலைக் குறிக்கும் சாளரம் என்ற இந்தச் சொல் சிலப்பதிகாரத்திலேயே வருவது.

காலத்தையும் அச்சொல் குறிக்கத் தொடங்கியது. விண்கலம் ஏவத் தோதான கால இடைவெளி ஒரு 'விண்டோ'. கடலில் இரண்டு புயல்களுக்கு நடுவே கிடைக்கும் அமைதியான சில மணி நேரமும் அப்படியே. நோர்வேஜியர் அதை 'வேர்வின்டு' என்கிறார்கள். வானிலை ஜன்னல் என்று பொருள். பேரண்ட்ஸ் கடலில் குளிர்காலத்தில் படகு இறக்குவோர் பார்த்துக் காத்திருப்பது அதற்காகத்தான்: காற்று அடங்கியிருக்கும் நேரத்துக்கு.