செம்புள்ளி அந்துப்பூச்சி

செம்புள்ளி அந்துப்பூச்சி வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் கொண்ட சிறு பூச்சி. இரவில் விளக்கைத் தேடி வரும். பகல் வெயிலிலும் புல்வெளிகளில் பறக்கும். அறிவியல் பெயர் யூட்டெத்தைசா புல்செல்லா. எரிபிடே குடும்பத்தில் ஆர்க்டியினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. 1758இல் லின்னேயஸ் இதை விவரித்துப் பெயரிட்டார். இப்போது வழங்கும் பேரினப் பெயரை 1819இல் அமைத்தவர் ஹூப்னர். தென் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, இந்தியா, இலங்கை, மியன்மார் ஆகிய பகுதிகளில் பரவியிருக்கிறது. சில ஆண்டுகளில் வடக்கே பிரிட்டன் வரை வலசை போகிறது. தமிழ்நாட்டில் ஏரிக்கரையிலும் தரிசிலும் நடப்பவர் காலடியிலிருந்து அடிக்கடி எழும்பும் பூச்சி இது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பட்டாம்பூச்சி என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

அடையாளம்

சிறகு விரிப்பு ஏறக்குறைய 3 முதல் 4 செ.மீ. முன்சிறகு நீண்டு குறுகியது. பால் வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் பரப்பில் சிவப்புத் திட்டுகள் இருக்கும். அவற்றின் இடையிடையே சிறிய கறுப்புப் புள்ளிகள். சில பூச்சிகளில் சிவப்பு வெளிறி ஆரஞ்சாகத் தெரியும், திட்டுகளின் அளவும் மாறும். பின்சிறகு அகன்றது, வெள்ளையானது. அதன் வெளி ஓரத்தில் மட்டும் ஒழுங்கற்ற கறுப்புக் கரை, நடுவில் சிறிய கறுப்புக் குறி. தலையிலும் மார்பிலும்கூடப் புள்ளிகள் உண்டு.

பறக்கையில் வெள்ளைப் பின்சிறகுதான் கண்ணில் படும். பட்டாம்பூச்சி என்ற மயக்கம் அதனால் வருவது. புல்லைக் கலைத்தால் எழும்பி, தாழ்வாகச் சில மீட்டர் போய், ஏதாவது ஒரு தண்டில் இறங்கிவிடும். இறங்கியதும் சிறகுகளை உடலோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். பின்சிறகு முழுதும் மறைந்து, புள்ளி போட்ட மெல்லிய குச்சி ஒன்றுதான் மிஞ்சும். பட்டாம்பூச்சி எதுவும் இப்படி உட்காராது. உணர்கொம்பும் நூல்போல் நுனிவரை ஒரே சீராக இருக்கும். பட்டாம்பூச்சிக்கு உள்ளதுபோல் நுனியில் குமிழ் கிடையாது. உட்காரும் முறை, உணர்கொம்பு ஆகிய இரண்டையும் கவனித்தாலே போதும், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி அவ்வளவு எளிதல்ல. இதே பேரினத்தைச் சேர்ந்த யூட்டெத்தைசா லோட்ரிக்ஸ், யூட்டெத்தைசா புல்செலாய்ட்ஸ் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய இதைப் போலவே இருக்கும். பின்னதை 1907இல்தான் ஹாம்ப்சன் தனி இனமாக விவரித்தார். அது இந்தியப் பெருங்கடல், பசிபிக் தீவுகளிலும் கடற்கரைகளிலும் மிகுதி. ஐயத்துக்கு இடமின்றிப் பிரிக்க வேண்டுமானால் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைத்தான் வல்லுநர்கள் பார்க்கிறார்கள். சிறகு மூடிய ஒரே ஒரு கைப்பேசிப் படத்தை வைத்து இனப்பெயரை அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. அதே செடிகளில் காணப்படும் ஆர்ஜினா ஆஸ்ட்ரியாவோடு குழப்பம் வராது. அதன் சிறகு ஆரஞ்சு நிறம், கறுப்புப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வளையம். பகலில் பறக்கும் இன்னொரு பூச்சியான அமாட்டா பாசலிஸ், கருஞ்சிறகில் கண்ணாடிபோன்ற திட்டுகளும் உடலில் மஞ்சள் பட்டைகளுமாகக் குளவியைப் போலிருக்கும்.

வாழிடம்

இந்தப் பூச்சியைத் தேடுபவர் முதலில் தேட வேண்டியது செடியை. அடர்ந்த காட்டில் இது அரிது. வெயில் விழும் திறந்த நிலம், அதில் குறிப்பிட்ட சில செடிகள், இவை இரண்டும் சேர்ந்த இடமே இதன் வாழிடம். கிலுகிலுப்பை இனங்கள் முதன்மையானவை. தரிசிலும் சாலையோர மணலிலும் மஞ்சள் பூவோடு நிற்கும் செடி. காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே விதைகள் உருண்டு ஒலி எழுப்பும். நார்ப்பயிராகவும் பசுந்தாள் உரமாகவும் பயிரிடப்படும் சணப்பும் இதே பேரினம்தான்.

இன்னொரு கூட்டம் வேறொரு தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் நமக்கு நன்கு பழக்கமானது தேள்கொடுக்கு. கொடுக்குபோல் சுருண்ட பூங்கொத்து உடைய இந்தச் செடி, ஏரியில் நீர் வற்றிய பிறகு ஈரம் காயாத படுகையில் முளைத்துக் கிடக்கும். கவிழ்தும்பையும் இதே குடும்பம். ஐரோப்பாவிலும் அக்குடும்பத்துச் செடிகளில்தான் இப்பூச்சியின் புழுக்கள் வளர்கின்றன. கிலுகிலுப்பைக்கும் தேள்கொடுக்குக்கும் உறவு ஏதும் கிடையாது. ஒன்று அவரைக் குடும்பம், மற்றது வேறு. இரண்டையும் ஒரே பூச்சி தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இரண்டிலும் இருக்கும் ஒரே வகை நஞ்சு.

நஞ்சு

பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற இந்த வேதிப்பொருள்கள் கல்லீரலைக் கெடுப்பவை. 1970களில், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு கிலுகிலுப்பை விதை கலந்துவிட்டது. அதைச் சமைத்து உண்டவர்களுக்குக் கல்லீரல் நாளங்கள் அடைபட்டு, வயிற்றில் நீர் கோத்துப் பலர் இறந்தார்கள். மேய்ச்சல் மாடுகளுக்கும் இச்செடிகள் ஆகாது.

புழுவுக்கோ அதுவே காப்பு. ஆர்க்டியினே கூட்டத்தின் இத்தகைய புழுக்களிடம் உள்ள ஒரு நொதி, உட்கொண்ட நஞ்சைத் தனக்குத் தீங்கு செய்யாத வடிவத்துக்கு மாற்றி உடலில் சேர்த்து வைக்கிறது. சேமிப்பு கூட்டுப்புழுப் பருவத்தையும் தாண்டி, சிறகு முளைத்த பூச்சி வரை தொடர்கிறது. பிடித்தால் மார்பின் முன்பக்கத்திலிருந்து நுரை கசியும். வெள்ளையில் சிவப்பும் கறுப்பும் என்ற நிறச் சேர்க்கை பறவைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை. எச்சரிக்கை கண்ணில் பட வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். பெரும்பாலான அந்துப்பூச்சிகள் மரப்பட்டை நிறத்தில் ஒளிந்து பகலைக் கழிக்க, இது வெயிலில் மெத்தனமாகப் பறக்க முடிவதற்கு இந்தக் கசப்பே துணை.

இதன் அமெரிக்க உறவினமான யூட்டெத்தைசா ஆர்னாட்ரிக்ஸை கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னரும் வேதியியலாளர் ஜெரால்டு மைன்வால்டும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தி தொட்டுப் பார்த்துவிட்டு, தானே இழைகளை அறுத்து வெளியே விட்டுவிடுவதை அவர்கள் பதிவு செய்தார்கள். நஞ்சில்லாத உணவில் வளர்த்த பூச்சிகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. புணர்ச்சியின்போது ஆண், விந்தோடு சேர்த்துத் தன் நஞ்சிலும் ஒரு பங்கைப் பெண்ணுக்குத் தருகிறது. பெண் அதை முட்டைகளில் சேர்க்கிறது. ஆணின் காதல் மணமும் அதே நஞ்சிலிருந்து உருவாவதால், யாரிடம் இருப்பு அதிகம் என்பதைப் பெண் முகர்ந்தே அறியும். நஞ்சு போதாமல் வளர்ந்த புழுக்கள் தம் இனத்தின் முட்டைகளையே தின்று குறையை ஈடுசெய்வதும் உண்டு.

வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள், வாடிய தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் மொய்ப்பது இதே பொருளுக்காகத்தான். ஆகவே அவை கூட்டமாக உட்கார்ந்திருக்கும் செடியைக் கண்டால், அருகே புல்லில் செம்புள்ளி அந்துப்பூச்சியையும் தேடிப் பார்க்கலாம்.

வளர்ச்சியும் சணப்பு வயலும்

பெண் இலைகளில் முட்டையிடும். புழு கருஞ்சாம்பல் நிறம். முதுகில் வெள்ளைக் கோடு, குறுக்கே ஆரஞ்சுச் சிவப்புத் திட்டுகள், உடலெங்கும் மயிர். முழு வளர்ச்சி அடைந்ததும் சருகுகளுக்கிடையே மெல்லிய பட்டுக்கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும்.

வேளாண் நூல்களில் இது சணப்பின் மயிர்ப்புழு என்றே இடம்பெறுகிறது. இலையைத் தின்பதோடு நில்லாமல் காயைத் துளைத்து விதையையும் தின்னும். விதையில் ஆல்கலாய்டு செறிவு அதிகம். அதனால் சேதம் எல்லா வயலிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. பசுந்தாள் உரத்துக்காக விதைத்த சணப்பைக் காய் பிடிக்கும் முன்பே, பூக்கும் தறுவாயில், மடக்கி உழுதுவிடுவார்கள். அங்கே இலையில் நாலு ஓட்டை விழுந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. விதைக்காகக் காய் முற்றும்வரை நிறுத்தி வைக்கும் வயலில்தான் புழுவைப் பொறுக்க வேண்டிவரும். காய்களில் வட்டத் துளைகள் தெரிகின்றனவா என்று அங்கே பார்ப்பது நல்லது.