வின்ஸ்பரோ காட்டன் மில் ப்ளூஸ்

அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஜெஃப்ஸ்கி (1938–2021) 1979இல் எழுதிய பியானோ இசைப் படைப்பு. ‘வட அமெரிக்கக் கதைப்பாடல்கள்’ தொகுதியின் நான்காம் பகுதி. தெற்குக் கரோலைனா நூற்பாலைத் தொழிலாளர்கள் பாடிய ப்ளூஸ் பாட்டே இதன் மூலம். ஆனால் எடுத்த எடுப்பில் பாட்டு கேட்காது. ஆலையின் இரைச்சல்தான் கேட்கும். கீழ் ஸ்தாயியில் தாழ்ந்த ஒலியாகத் தொடங்கும் எந்திரத் தாளம் வலுத்துக்கொண்டே போகிறது. விரல் போதாமல் உள்ளங்கை, அதுவும் போதாமல் முன்கையே கட்டைகள்மேல் இறங்குகிறது. சத்தம் அடங்கிய பிறகே ப்ளூஸ் நிதானமாகத் தலைகாட்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோரல் பிரெலூடுகளே (தேவாலயப் பாட்டின் மெட்டை வைத்துப் பின்னிய ஆர்கன் படைப்புகள்) இத்தொகுதிக்கு முன்மாதிரி: ஜெஃப்ஸ்கியும் மெட்டின் துணுக்குகளை நீட்டியும் சுருக்கியும் சுருதி மாற்றியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னுகிறார். ப்ளூஸ், பாக்கின் பாணி ஆகிய இரண்டு மரபுகளில் எதுவும் மற்றதற்கு ஒப்பனையாகிவிடாதது இதன் தனிச்சிறப்பு. இரு பியானோக்களுக்கான வடிவமும் உண்டு.