‘இது பாகுபாடு ஆகாது’ என்று திருப்பி அனுப்பப்பட்ட புகார்

1970-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரக் கல்வி வாரியம் நடத்திய ஆசிரியர் தேர்வில் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் ஜூடித் ஹியூமன் தேறிவிட்டார். மிச்சம் மருத்துவப் பரிசோதனை. ஒன்றரை வயதில் போலியோ தாக்கியதால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். கழிப்பறைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார் பரிசோதித்த மருத்துவர். நடந்து காட்டவும் சொன்னார். கடைசியில் உரிமம் கிடையாது என்று கடிதம் வந்தது. இரண்டு கால்களும் செயலிழந்திருப்பதே அதில் சொல்லப்பட்ட காரணம்.

அவருக்கு இது புதிதல்ல. ஐந்து வயதில் அம்மா பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனபோது, தீப்பிடித்தால் சக்கர நாற்காலி ஆபத்து என்று தலைமை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருந்தார்.

இந்த முறை ஹியூமன் உதவி கேட்டுப் போனது, அமெரிக்காவில் குடிமக்களின் உரிமைகளுக்காக அரை நூற்றாண்டாக வழக்காடி வந்த ஏ.சி.எல்.யூ. என்ற தொண்டு அமைப்பிடம். கறுப்பின மக்களுக்காகவும் கருத்துரிமைக்காகவும் நீதிமன்றப் படியேறிய அமைப்பு அது. அவர்கள் தந்த பதில்தான் இந்த வரலாற்றின் தொடக்கம்: மருத்துவக் காரணத்துக்காகத்தான் உங்களுக்கு உரிமம் மறுத்திருக்கிறார்கள், எனவே இது பாகுபாடு ஆகாது.

அந்தப் பதிலைச் சொன்னவர்கள் மனிதாபிமானம் இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்கினால் அது அநீதி என்று அன்றைய அமெரிக்கா கற்றுக்கொண்டிருந்தது. கால் நடக்காதவரை ஒதுக்கினால் அது விதி என்றும் உடல்நிலை என்றும் நினைத்தது. நடந்த கொடுமையைச் சொல்ல சட்டத்தில் ஒரு சொல் இல்லாதபோது, புகார் வாங்கும் மேசையில் அது புகாராகவே தெரியவில்லை.

பத்திரிகைகள் ஹியூமனின் கதையை எழுதின. போலியோ வந்தவர் நாட்டின் குடியரசுத் தலைவராகலாம், ஆசிரியராகக் கூடாதா என்று ரூஸ்வெல்ட்டை நினைவூட்டித் தலைப்பிட்டது ஒரு நாளிதழ். அதன்பிறகு வேறு வழக்கறிஞர்கள் வழக்கை எடுத்தார்கள். அது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியின் முன் வந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அவர் சொன்னதும் வாரியம் இறங்கிவந்தது. ஹியூமனுக்கு உரிமம் கிடைத்தது.

1973 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் மறுவாழ்வுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் கடைசிப் பக்கங்களில் 504 என்ற எண்ணில் ஒரே ஒரு வாக்கியம். கூட்டாட்சி அரசின் நிதி பெறும் எந்தத் திட்டமும் குறைபாட்டை மட்டுமே காரணம் காட்டித் தகுதியுள்ள ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1964-ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்து வாசகத்தை எடுத்து, செனட் ஊழியர்கள் இதில் பொருத்தியிருந்தார்கள். அதைப் பற்றி அவையில் பெரிய விவாதம்கூட நடக்கவில்லை.

சட்டம் வந்தது, விதிகள் வரவில்லை. விதிகள் இல்லாமல் புகாரை யாரிடம் கொடுப்பது, யார் விசாரிப்பது? ஜேம்ஸ் செர்ரி என்பவர் வழக்குத் தொடுத்து, விதிகளை வெளியிட வேண்டும் என்று 1976-இல் தீர்ப்பும் வாங்கினார். அப்போதும் அரசு அசையவில்லை.

1977 ஏப்ரல் 5 அன்று மாற்றுத்திறனாளிகள் பல நகரங்களில், விதிகளை வெளியிட வேண்டிய சுகாதார, கல்வி, நலத் துறையின் அலுவலகங்களுக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் போராட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் நூறு பேருக்கு மேல் நான்காவது மாடியை விட்டு நகரவில்லை. அதிகாரிகள் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தார்கள். காது கேளாதவர்கள் ஜன்னலோரம் நின்று சைகை மொழியில் வெளியே இருந்தவர்களிடம் பேசினார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்காக ஏ.சி. இயந்திரத்தின் முகப்பில் ஒரு பெட்டியை ஒட்டிக் குளிர்பெட்டி ஆக்கினார்கள். கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் சுடச்சுடச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். படுத்தால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்களும், சிறுநீர் குழாய் மாற்ற இன்னொருவர் கை வேண்டியவர்களும் மூன்று வாரங்களுக்கு மேல் அந்தத் தரையில் படுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று அந்தத் துறையின் அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். முன்வரிசையில் இருந்து போராட்டத்தை நடத்தியவர்களில் ஹியூமனும் ஒருவர்.

இதற்குப் பிறகுதான் புகார் மேசை பிறக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுகரையில் உள்ள பெர்க்லியில், மாற்றுத்திறனாளிகளே 1972 முதல் நடத்திவந்த சுதந்திர வாழ்வு மையத்தில் ஒரு சட்ட உதவிப் பிரிவு உருவானது. அதிலிருந்து 1979-இல் ‘ட்ரெட்ஃப்’ என்று அழைக்கப்படும் தொண்டு நிறுவனம் கிளைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக் கல்விக்கும் வழக்குக்குமான நிறுவனம் அது. மேரி லூ பிரெஸ்லின், பாட்ரிஷா ரைட், ராபர்ட் ஃபங்க் ஆகியோர் அதன் நிறுவனர்கள். மாற்றுத்திறனாளிகளும் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளின் பெற்றோரும் சேர்ந்து அதை நடத்தினார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவரும் அந்தப் பக்கம் இருந்தவரும் ஒரே வாசலில் தடுக்கப்பட்டவர்கள்.

அங்கே முதல் கேள்வி மாறியது. உங்களுக்கு என்ன நோய் என்று கேட்ட இடத்தில், உங்களுக்கு என்ன நடந்தது, என்றைக்கு நடந்தது என்று கேட்டார்கள். தேதி முக்கியம், ஏனென்றால் 180 நாட்களுக்குள் அரசின் உரிமைப் பிரிவில் புகார் பதிவாக வேண்டும். அடுத்து, மறுத்த இடம் அரசு நிதி வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தகுதி: இன்ன வசதி செய்து கொடுத்தால் இவரால் அந்த வேலையை, படிப்பைச் செய்ய முடியுமா? அந்த வசதியை வாய்விட்டுக் கேட்டாரா, எழுத்தில் கேட்டாரா, என்ன பதில் வந்தது? இந்தக் கேள்விகளைத் தாமே கேட்டுத் தம் புகாரைத் தாமே எழுதும்படி ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பெரிதாகத் தெரிவது நீதிமன்ற வெற்றிகள் அல்ல, இந்தப் பயிற்சிதான்.

நீதிமன்றத்தில் தொடக்கம் அடியாகத்தான் விழுந்தது. செவித்திறன் குறைந்த பிரான்சஸ் டேவிஸைச் செவிலியர் படிப்பில் சேர்க்க மறுத்தது சரியே என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 504-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றம் கேட்ட முதல் வழக்கு அது. அடுத்த பெரிய வழக்கு தாமஸ் லெஸ்ட்ரேஞ்சுடையது. ரயில் எஞ்சின் ஓட்டுநரான அவர் விபத்தில் இடது முன்கையை இழந்தவர். அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கக் கான்ரெயில் நிறுவனம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார். அவருடைய சொத்து நிர்வாகியின் பெயரில் 1984-இல் வந்த தீர்ப்பு, வேலை மறுப்பும் 504-க்குள் வரும் என்றது. வென்றவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

இதற்கிடையே, வாங்க முடியாத புகார்கள் குவிந்தன. தனியார் கடை, திரையரங்கு, உணவகம் எதுவும் அரசு நிதி வாங்குவதில்லை, அங்கே 504 செல்லாது. டகோமா நகரில் பெருமூளை வாதம் உள்ள இளம்பெண் ஒருவர் கையில் டிக்கெட் பணத்தோடு போயும் திரையரங்கு உரிமையாளர் உள்ளே விடவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு விலங்குக் காட்சிசாலைக்காரர், சிம்பன்சிகள் மிரளும் என்று சொல்லி டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைத் திருப்பி அனுப்பினார். சக்கர நாற்காலியிலிருந்த உரிமைப் போராளி ஜஸ்டின் டார்ட் 50 மாநிலங்களுக்கும் போய், இப்படிப்பட்ட அனுபவங்களை அவரவர் கையால் நாட்குறிப்பாக எழுதி வாங்கினார். திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் புகார்களே நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியங்களாக நின்றன. 1990 ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. தனியார் கதவுகளும் அன்று சட்டத்துக்குள் வந்தன.

ஒருவர் கோரும் வசதியை நியாயமான அளவில் செய்து கொடுக்க மறுப்பதே பாகுபாடு என்ற கருத்து, 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் ஏறி, அதில் சேர்ந்த இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்துக்கும் வந்துவிட்டது. வழக்கு நடத்தப் பணம் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நடந்ததைத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்.