ஐந்து மீற்றர் சுதந்திரம்: சுருள்வாரின் கதை

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் அதிகாலையில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என் மூத்த சகோதரி. அறுபத்தெட்டு வயதான அவருக்கு வலது மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டு, வைத்தியசாலையில் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் வீட்டு நாயை வெளியே நடத்திச் செல்வது அவருடைய அன்றாடப் பொறுப்பு. அன்று நாய் எதிர்ப்புறத்து அணில் ஒன்றைக் கண்டு பாய்ந்திருக்கின்றது. இழுத்த இழுப்பில் அக்கா நடைபாதையில் விழுந்துவிட்டார்.

"வாரை விட்டுவிட்டீர்களா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, வார் என்ரை கையிலைதான் இருந்தது. நாய்தான் எங்கையோ போயிட்டுது" என்றார்.

வார் கையில் இருக்கையில் நாய் எங்கே போக முடியும்? விசாரித்தபோதுதான் அது நாம் அறிந்த சாதாரண தோல்வார் அல்ல என்பது புரிந்தது. பிளாஸ்ரிக் கைபிடியொன்றுக்குள் சுருண்டு கிடந்து, நாய் ஓட ஓட நீண்டு, நாய் திரும்பி வந்ததும் தானாகவே உள்ளே சென்றுவிடும் வார் அது. தமிழில் அதற்கு நிலைத்த பெயரொன்று இல்லையாதலால் இக்கட்டுரையில் சுருள்வார் என்று குறிப்பிடுகின்றேன். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்கள் பலரின் வீட்டு வாசலில் இது தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

நாயைக் கயிற்றில் பிணைக்கும் வழக்கம் மிகப் பழையது. சவூதி அரேபியாவின் வடமேற்கில் சுவைமிஸ், ஜுப்பா ஆகிய இடங்களில் உள்ள பாறைச் செதுக்கல்கள் பற்றிய ஆய்வொன்று 2017 ஆம் ஆண்டு வெளியானது. வில்லேந்திய வேட்டைக்காரன், அவனைச் சூழ நாய்கள், அவற்றுட் சிலவற்றின் கழுத்திலிருந்து வேட்டைக்காரனின் இடுப்புவரை செல்லும் கோடுகள் ஆகியன அங்கே காணப்படுகின்றன. அவை எண்ணாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கி.பி. 79 ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேய் நகரில், வீடொன்றின் வாயிற்றரையில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நாயின் உருவம் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கின்றது. அதன் கீழே நாய் பற்றிய எச்சரிக்கை இலத்தீனில் எழுதப்பட்டுள்ளது.

வேட்டைக்காரனின் கயிறு நாயைத் தன்னுடன் வைத்திருப்பதற்கானது. வீட்டுக்காரனின் சங்கிலி நாயை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதற்கானது. இவ்விரண்டிலும் நாய்க்கும் மனிதனுக்கும் இடையிலான தூரம் மாறுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருத்தபோது நாய்வார் பொதுச் சுகாதாரத்தோடு தொடர்புடைய பொருளாயிற்று. அதற்கான முக்கிய காரணம் விசர்நாய்க்கடி. லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தமது தடுப்பூசியை முதன்முறையாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தும்வரை, அந்நோய் கண்ட நாயிடம் கடிபட்டவர்களைக் காக்க மருத்துவத்திடம் வழியிருக்கவில்லை. ஆகவே அரசுகள் நாய்களின் மீது கைவைத்தன. பிரித்தானியாவில் நாய்களுக்கு வாய்க்கூடு மாட்டவேண்டும் என்ற கடும் உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. 1902 ஆம் ஆண்டளவில் அந்நோய் அங்கே ஒழிக்கப்பட்டது. இலங்கையில் 1893 ஆம் ஆண்டு விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச் சட்டமும், 1901 ஆம் ஆண்டு நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. ஆயினும் எங்கள் ஊர்களில் வேலிக்குள்ளும் ஒழுங்கையிலும் உலாவிய நாய்களுக்குக் கழுத்தில் வார் ஏறியது அரிது.

நியூயோர்க் நகரில் நிலைமை மிகக் கொடுமையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பிடிபட்ட தெருநாய்களை இரும்புக் கூட்டில் அடைத்து ஆற்றுநீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். 1894 ஆம் ஆண்டில்தான் அந்நகரின் நாய் பிடிக்கும் பணி, ஹென்றி பேர்க் 1866 இல் நிறுவிய விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திடம் கையளிக்கப்பட்டது. அத்தகைய நகரில் நாயின் கழுத்தில் இருந்த வார், அதற்கு உடையவர் ஒருவர் உண்டு என்பதற்கான சான்றாகவும் அதன் உயிருக்கான காப்பாகவும் விளங்கியது.

அதே நியூயோர்க் நகரில்தான் சுருள்வாரின் கதையும் தொடங்குகின்றது. 1908 ஆம் ஆண்டு மேரி ஏ. டெலனி என்ற பெண்மணி, தானாகச் சுருளும் நாய்வாருக்கான காப்புரிமையைப் பெற்றார். நாய் உலாவ இடம் கொடுக்கவேண்டும், அதேவேளை வார் தரையில் தொய்ந்து கால்களில் சிக்கவும் கூடாது என்ற இரட்டைத் தேவைக்கு விசைச்சுருள் ஒன்றினால் விடைகாண முயன்றிருக்கின்றார். ஆனால் அந்தக் கருத்து உலகம் முழுவதும் விற்பனையாகும் பொருளாக மாறுவதற்கு மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

அதனைச் செய்தவர் மன்பிரட் பொக்டான் என்ற ஜேர்மனியர். மரம் அறுக்கும் சங்கிலி வாள் இயந்திரத்தை இயக்குவதற்கு ஒரு கயிற்றை வெடுக்கென இழுப்பார்கள். கையைத் தளர்த்தியதும் அக்கயிறு தானாகவே உள்ளே சுருண்டுவிடும். அந்தப் பொறியை நாய்வாருக்குப் பொருத்தினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து, 1973 ஆம் ஆண்டு பிளெக்ஸி என்ற நிறுவனம் பிறந்தது. ஹம்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள பார்க்டெகைடே என்ற சிற்றூர் அதன் இருப்பிடம். பிளெக்ஸி என்ற அந்நிறுவனத்தின் பெயரையே இவ்வகை வார்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராகப் பலர் வழங்கும் அளவுக்கு அது பரவியது.

சுருள்வாரின் உள்ளமைப்பு எளிமையானது. கைபிடிக்குள் ஓர் உருளை. அதில் மூன்று, ஐந்து அல்லது எட்டு மீற்றர் நீளமான நைலோன் கயிறோ நாடாவோ சுற்றப்பட்டிருக்கும். உருளையின் மையத்தில் பழைய கடிகாரங்களில் இருப்பதைப் போன்ற தட்டையான உருக்குச் சுருள். நாய் முன்னே செல்லும்போது சுருள் இறுகும். நாய் திரும்பும்போது அது தளர்ந்து வாரை உள்ளே இழுக்கும். பெருவிரலின் கீழ் ஒரு பொத்தான்: அழுத்தினால் உருளை நிற்கும், விட்டால் சுழலும்.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. நாய் உலகை அறிவது மூக்கினால். ஆறடி வாரில் மனிதனின் வேகத்துக்கு இழுபட்டுச் செல்லும் நாயைவிட, திறந்த புல்வெளியில் ஐந்து மீற்றர் சுற்றளவில் தன் விருப்பப்படி முகர்ந்து திரியும் நாய் நிறைவோடு வீடு திரும்பும். அழைத்தால் திரும்பிவரப் பழகாத நாய்க்கும், செவிப்புலன் குன்றிய கிழநாய்க்கும், புதிதாக வீட்டுக்கு வந்த அநாதை நாய்க்கும் ஓரளவு சுதந்திரத்தையும் ஓரளவு பாதுகாப்பையும் இது ஒருங்கே தருகின்றது. நீண்ட சாதாரணக் கயிறு சேற்றில் புரளும், செடிகளில் சிக்கும். இது அவ்வாறு செய்வதில்லை. அடக்கமான, எடை குறைந்த நாயை ஆளரவமற்ற கடற்கரையிலோ பூங்காவிலோ நடத்திச் செல்பவருக்கு இதைவிட வசதியானது வேறில்லை என்றே சொல்லலாம்.

தீமைகளும் அதே பொறியிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலாவது, வேகம். மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் பாயும் நாய் ஐந்து மீற்றரை ஏறத்தாழ 0.6 செக்கனில் கடந்துவிடும். நாம் நிலைமையை உணர்ந்து பெருவிரலை அழுத்துவதற்குள் வார் முழுவதும் வெளியே சென்றுவிடும். முப்பது கிலோகிராம் எடையுள்ள நாய் அந்த வேகத்தில் வாரின் அந்தத்தை எட்டும்போது அதன் உந்தம், அறுபது கிலோகிராம் எடையுள்ள மனிதர் ஒருவர் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் ஓடிவந்து மோதுவதற்குச் சமம். அந்த அதிர்ச்சி ஒரு முனையில் மனிதரின் தோளையும் மணிக்கட்டையும், மறு முனையில் நாயின் கழுத்தையும் தாக்கும்.

இரண்டாவது, கயிறு. நாடா வடிவில் இல்லாத மெல்லிய நைலோன் கயிறு வேகமாக ஓடும்போது, அதனைக் கையால் பற்றினால் தோலை எரித்துவிடும். விரலில் சுற்றிக்கொண்டால் விளைவு அதனிலும் மோசமானது.

மூன்றாவது, கைபிடி. அது கையிலிருந்து நழுவினால் நாயை நோக்கித் தரையில் கடகடவென்று பாய்ந்து செல்லும். ஏதோ தன்னைத் துரத்துகின்றது என்று அஞ்சி ஓடும் நாய், எவ்வளவு ஓடினாலும் அதனிடமிருந்து தப்ப முடியாமல் வீதிக்குள் இறங்கிவிடுவதும் உண்டு.

நான்காவது, பழக்கம். விசைச்சுருள் எந்நேரமும் மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால் இடம் கிடைக்கும் என்ற பாடத்தையே நாய் கற்றுக்கொள்கின்றது.

2008 ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனையான சுருள்வார் வகையொன்றில், கொக்கி உடைந்து கயிற்றோடு பின்னோக்கிப் பாயும் குறை காணப்பட்டதால், இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வார்கள் மீளப்பெறப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில் மட்டும் நாய்வார் தொடர்பான காயங்களுக்காக 16,564 பேர் அமெரிக்க வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்றதாக அங்குள்ள நுகர்வோர் அமைப்பொன்று கணக்கிட்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இல் வெளியிட்ட ஆய்வு மேலும் விரிவானது. 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில், வாரில் கட்டிய நாயை நடத்திச் சென்றபோது காயமுற்று அவசர சிகிச்சைக்கு வந்த வளர்ந்தோரின் தொகையை அவர்கள் 422,659 என மதிப்பிட்டார்கள். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். விரல் முறிவும், தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படுவதும், தோள் சுளுக்கும் அதிகம் காணப்பட்டன. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் விழுவதற்கான வாய்ப்பு, இளையோரைவிட மூன்று மடங்குக்கும் அதிகம்.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இக்கணக்குகள் எல்லா வகை நாய்வார்களையும் சேர்த்தவை. சுருள்வாரின் பங்கு இவ்வளவு என்று அவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. குற்றம் முழுவதையும் அதன் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

ஆயினும் சட்டம் தன் கருத்தை ஓரளவு தெரிவித்துவிட்டது. நியூயோர்க் நகரின் பொது இடங்களில் நாய்வார் ஆறு அடிக்கு மேற்படலாகாது. ரொறன்ரோ மாநகரில் எல்லை இரண்டு மீற்றர். பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கோவை, நடைபாதையிலும் வீதியிலும் நாயைக் குட்டையான வாரில் வைத்திருக்குமாறு கூறுகின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நாட்டுப்புற நிலங்களில் நடமாடும் உரிமை பற்றிய 2000 ஆம் ஆண்டுச் சட்டமோ, குட்டை வார் என்பதற்கு வரைவிலக்கணமே தருகின்றது: நிலையான நீளம் உடையதாகவும், இரண்டு மீற்றருக்கு மேற்படாததாகவும் அது இருக்கவேண்டும். 'நிலையான' என்ற அந்த ஒரு சொல்லினால் சுருள்வார் விலக்கப்பட்டுவிடுகின்றது.

திறந்த வெளிக்கு ஏற்ற ஒரு கருவியை நெரிசலான நடைபாதைக்குக் கொண்டுவந்ததே தவறு என்பது இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஏற்பட்ட முடிவு. ஆனால் இதில் நம்மவர் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. பிள்ளைகளோடு வாழ்வதற்காகக் கடல் கடந்து சென்ற முதியவர்கள் பலருக்கு, பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வதைப் போலவே வீட்டு நாயை நடத்திச் செல்வதும் கடமையாகிவிட்டது. நாயை வாங்கியவர்கள் பிள்ளைகள். வாரைத் தெரிவு செய்தவர்களும் அவர்களே. அந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பொறுமையோடு சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? பனி உறைந்த பாதையில், தடித்த கையுறை அணிந்த அறுபத்தெட்டு வயதுப் பெருவிரல் 0.6 செக்கனில் அதனை அழுத்திவிடும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் பொருந்தும்?

எனவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீதியில் நடப்பதற்கு நிலையான ஆறடி வாரொன்றை வாங்கி வையுங்கள். சுருள்வார் விடுமுறை நாளில் உங்கள் கையோடு பூங்காவுக்குச் செல்லட்டும். அதுவும் கயிறாக அன்றி நாடாவாக இருக்கட்டும். கழுத்துப்பட்டியில் கொளுவாமல் மார்புவாரில் கொளுவினால் நாயின் கழுத்துக்கும் நல்லது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: எந்த வாரையும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் மீறி இழுத்தால் விட்டுவிடுங்கள். ஓடிப்போன நாயைத் தேடிப் பிடிக்கலாம்; அந்த வயதில் முறிந்த எலும்பு பொருந்துவது அவ்வளவு எளிதல்ல.

கட்டு அவிழ்த்தபின் அக்கா மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டார். மருமகள் புதிதாகக் குட்டை வாரொன்றை வாங்கிக் கொடுத்திருக்கின்றாராம். போன கிழமை நான் அழைத்தபோதும் அவர் வீதியில்தான் நின்றிருந்தார். நாய் எங்கே என்று கேட்டேன்.

"என்ரை காலடியிலைதான் நிக்குது தம்பி" என்றார்.